தலைக்கு மட்டும்தானா கவசம்?

சாலை விபத்துகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறோம். அது உயிரிழந்தோரின் எண்ணிக்கை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே மிக அதிகமாக, 64,105 விபத்துகள் தமிழ்நாட்டில் நிகழ்ந்தன.

அதே அறிக்கையில் நாம் எளிதில் கடந்துபோகும் மற்றோர் எண்ணும் உண்டு. காயமடைந்தோர் 4,43,366 பேர். இவர்களில் எத்தனை பேருக்குத் தாடை உடைந்தது, எத்தனை பேர் பற்களையோ பார்வையையோ இழந்தனர், எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் கொள்கை கவனிக்கும் என்பது பொருளியலின் எளிய பாடம். மரணத்தை மட்டும் எண்ணியதால், தலைக்கவசத்தையும் உயிர் பிழைப்பதற்கான ஒரு கருவியாக மட்டுமே நாம் பார்க்கப் பழகிவிட்டோம். உயிர் பிழைத்தவர் முகமிழந்து வாழும் வாழ்க்கை நம் கணக்கில் வருவதே இல்லை.

விபத்து என்றாலே அதிவேகம் என்று நினைக்கிறோம். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து சரிந்து, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதினாலே, மோதும் கணத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இது புவியீர்ப்பு விசை தரும் வேகம் மட்டுமே. வண்டியின் வேகம் இதில் சேரவில்லை. 'பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறேன்' என்ற சமாதானத்தை இந்த எளிய கணக்கே பொய்யாக்கிவிடும்.

தலைக்கவசத்தின் வெளிக்கூடு மோதலின் விசையைப் பரந்த இடத்தில் பகிர்ந்தளிக்கிறது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கி, தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகள் நீட்டிக்கிறது. மூளை பிழைப்பது அந்த அவகாசத்தில்தான். ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே, பலமாக அடிபட்ட கவசத்தை வெளியில் கீறல் மட்டுமே தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

தலைக்கவசத்தின் வரலாற்றில் ஒரு பெயர் முக்கியமானது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்தவர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து அவர் 1941-இல் வெளியிட்ட கட்டுரை, ராணுவத்தில் தலைக்கவசம் கட்டாயமாக வழிவகுத்தது. ஆனாலும் பிரிட்டனில் பொதுமக்கள் அனைவருக்கும் அது கட்டாயமானது 1973-இல்தான். அறிவியல் தெளிவடைந்த பிறகும் சட்டம் வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இன்று சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2008-இல் வெளியிட்ட மதிப்பீடு, தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் மரண வாய்ப்பை 42 சதவீதமும், தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. இதே அமைப்பின் வேறொரு மதிப்பீட்டின்படி, மிதிவண்டி ஓட்டிகளுக்குக் கவசம் முகத்தின் மேற்பகுதி, நடுப்பகுதிக் காயங்களை 65 சதவீதம் குறைக்கிறது. ஆனால், முகத்தின் கீழ்ப்பகுதிக்கு அது பாதுகாப்பு தருவதில்லை. காரணம் வெளிப்படையானது: மிதிவண்டிக் கவசம் தாடையை மூடுவதில்லை.

நம் ஊர்களில் பலர் அணியும் தொப்பி வடிவக் கவசத்துக்கும் இதே குறை உண்டு. ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டீட்மார் ஓட்டே விபத்துக்குள்ளான தலைக்கவசங்களை ஆராய்ந்தபோது, மோதல் தடயங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மோவாய்ப் பகுதியில் இருந்தன. முன்னோக்கித் தூக்கியெறியப்படும் மனிதன் பெரும்பாலும் முகத்தால்தான் தரையைச் சந்திக்கிறான். அந்த இடத்தைத் திறந்து வைத்துவிட்டு உச்சந்தலையை மட்டும் மூடுவது, வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு மாடியைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

தாடை முறிந்தால் என்ன ஆகிறது? பல நேரங்களில் மேல், கீழ்த் தாடைகளைக் கம்பியால் பிணைத்து நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை வைத்திருக்க வேண்டும். அதுவரை திரவ உணவுதான். பேச முடியாது; வாடிக்கையாளரோடு பேசிப் பிழைக்கும் வேலையைச் செய்ய முடியாது. தினக்கூலிக்காரருக்கு அந்த ஆறு வாரமும் வருமானமில்லாக் காலம். உடன் இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவியோ தாயோ தம் வேலையையும் இழக்கிறார்கள். அதன்பின் செயற்கைப் பற்கள், தழும்பு நீக்கம், மீண்டும் அறுவை சிகிச்சை எனச் செலவு தொடர்கிறது. முகம் மாறிப்போன இளைஞரோ இளம்பெண்ணோ வேலைவாய்ப்பிலும் திருமணப் பேச்சிலும் சந்திக்கும் புறக்கணிப்புக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. உயிர்காக்கும் அரிய திட்டம் அது. ஆனால், முக எலும்பு முறிவுகளில் வீக்கம் வடிந்த பிறகே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை பல நேரங்களில் ஏற்படுகிறது. முகத்தைச் சீரமைக்கும் பயணத்துக்கு 48 மணி நேரம் என்பது முதல் படி மட்டுமே.

இவ்வளவும் தெரிந்தும் மக்கள் ஏன் கவசம் அணிவதில்லை? வெப்பம், வியர்வை, முடி உதிர்வு, பார்வை மறைப்பு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஐஸ் ஹாக்கி வீரர்களை எடுத்துக்காட்டினார். தலைக்கவசம் நல்லது என்று வீரர்கள் அறிவார்கள். ஆயினும், தான் மட்டும் அணிந்தால் கோழை என்று கருதப்படுவோமோ என்ற தயக்கத்தால் அணிவதில்லை. அனைவருக்கும் கட்டாயம் என்று விதி வந்தால் அதை வரவேற்கவும் செய்வார்கள். நம் கல்லூரி மாணவர்களின் நிலையும் இதுவே. இத்தகைய இடங்களில் சட்டம் தனிமனித விருப்பத்தை நசுக்குவதில்லை. அவர் தனியாக நிறைவேற்றிக்கொள்ள முடியாத விருப்பத்தை நிறைவேற்றித் தருகிறது.

'என் தலை, என் விருப்பம்' என்ற வாதமும் நிற்காது. விபத்தின் சுமையைக் குடும்பமும், அரசு மருத்துவமனையும், வரி செலுத்துவோரும் சேர்ந்தே சுமக்கிறார்கள்.

சட்டம் உறுதியாகும்போது சமூகம் மாறும் என்பதற்கு வியத்நாம் சான்று. 2007 டிசம்பர் 15 அன்று அங்கு எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டபோது, அதுவரை மூவரில் ஒருவர் அணிந்துவந்த நிலை மாறி, மிகக் குறுகிய காலத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அணியத் தொடங்கினர். அதேசமயம், அபராதத்துக்குப் பயந்து அணியப்பட்ட தரமற்ற மலிவுக் கவசங்களும் அங்கே பெருகின. இந்தப் பின்பாதியும் நமக்குப் பாடமாக வேண்டும்.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, 4 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், பின்னிருக்கையில் இருப்பவர் உள்பட, தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. அது வாரால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உண்டு. தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் இது தீவிரமாக நடைமுறைக்கு வந்தது. 2022 அக்டோபர் முதல் அபராதம் ரூ.1,000. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத கவசங்களை விற்பதே குற்றம். எனினும், கவசம் பெட்ரோல் டேங்கின் மீதும் கண்ணாடிக் கம்பியிலும் பயணம் செய்கிறது. காவலரைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது. வார் பூட்டப்படாத கவசம் முதல் மோதலிலேயே கழன்று உருண்டோடிவிடும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, அரசு மருத்துவமனைகள் விபத்துக் காயங்களைப் பதிவு செய்யும்போது முகக் காயத்தின் தன்மை, அணிந்திருந்த கவசத்தின் வகை, வார் பூட்டப்பட்டிருந்ததா என்ற மூன்றையும் குறிக்க வேண்டும். அடுத்து, காவல்துறைச் சோதனை 'கவசம் இருக்கிறதா' என்பதோடு நில்லாமல் முத்திரையையும் வாரையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, முகம் முழுவதையும் மூடும் கவசத்துக்கு சரக்கு-சேவை வரியை அறவே நீக்க வேண்டும். உயிர்காக்கும் பொருளுக்கு வரி விதித்து, பிறகு சிகிச்சைக்குச் செலவிடுவது சிக்கனமன்று.

நான்காவதாக, மிதிவண்டி. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிளஸ் 1 மாணவ, மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. பெண் கல்விக்கு அது ஆற்றிய பணி பெரிது. அந்த மிதிவண்டியோடு ஓர் எளிய தலைக்கவசமும் சேர்த்து வழங்கப்பட்டால், பதினாறு வயதில் படியும் பழக்கம், பின்னர் மோட்டார் சைக்கிளில் ஏறும்போதும் உடன் வரும்.

பொதுமக்களும் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முகத்தில் அடிபட்டு நினைவிழந்தவரை மல்லாக்கக் கிடத்தினால் ரத்தமும் நாக்கும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடும். கழுத்து அசையாமல் தாங்கி, உடலை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். தலைக்கவசத்தை வெடுக்கென்று இழுத்துக் கழற்றக் கூடாது. வேரோடு விழுந்த நிலைப்பல்லைத் தேய்த்துக் கழுவாமல் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்தால் மீண்டும் பொருத்தும் வாய்ப்பு உண்டு.

உயிரிழந்தோரின் எண்ணிக்கை குறைவது வெற்றியின் பாதிதான். விபத்துக்குப் பின்னும் ஒருவர் தன் முகத்தோடும், பேச்சோடும், வேலையோடும் வீடு திரும்புவதே முழு வெற்றி. அதற்கு, முகம் முழுவதையும் மூடும் கவசமும் பூட்டிய வாரும் வேண்டும்.