ஆண் குழந்தையின் முன்தோலை இழுக்கலாமா?

“குளிப்பாட்டும்போது முன்தோலைப் பின்னுக்கு இழுத்துக் கழுவுங்கள்” என்று வைத்தியரோ மருத்துவமாதோ கூறினால், தாய்மார் தயங்காமல் காரணம் கேட்கலாம். “பிள்ளைக்கு நோய் ஏதும் உண்டா? ஏன் இழுக்கவேண்டும்?” என்று மரியாதையுடன் கேளுங்கள்.

பிறந்த குழந்தையின் முன்தோல், நகம் சதையுடன் ஒட்டியிருப்பதுபோல, ஆண்குறியின் நுனியுடன் ஒட்டியிருக்கும். இது நோயன்று. இங்கிலாந்தில் டக்ளஸ் கெயார்ட்னர் என்ற வைத்தியர் 1949இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்த குழந்தைகளில் 100க்கு 4 பேருக்கே முன்தோல் முழுமையாகப் பின்செல்லும். ஏனையோருக்கு வளர வளரத் தானாகப் பிரியும். சிலருக்குப் பருவ வயதுவரை செல்லலாம்.

பலவந்தமாக இழுத்தால் தோல் கிழிந்து இரத்தம் வரும். காயம் ஆறும்போது தழும்பு உண்டாகி, தோலின் வாய் சுருங்கலாம். சுத்தமான நீர் அரிதான முகாம்களில் புண்ணில் கிருமி தொற்றுவதும் எளிது.

செய்யவேண்டியவை:

1. வெளிப்புறத்தை மட்டும் சுத்தமான நீரால் கழுவுங்கள். தோலின் உள்ளே சவர்க்காரமோ எண்ணெயோ இடவேண்டாம்.

2. தோலின் கீழ் தெரியும் வெண்பொருள் பெரும்பாலும் உதிர்ந்த தோலே, சீழ் அன்று.

3. சிவந்து வீங்கினால், காய்ச்சல் கண்டால், சிறுநீர் போகாவிட்டால், அல்லது பின்சென்ற தோல் திரும்பி வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

தோல் தானாகப் பிரிந்தபின், அதைப் பின்தள்ளிக் கழுவப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுங்கள்.