3 ஏன் திரும்பி நிற்கிறது?

எழுதப் பழகும் ஐந்து வயதுக் குழந்தையின் நோட்டைப் புரட்டினால் 3-இன் வாய் வலப்பக்கம் திறந்திருக்கும். ‘ஸ்மால் பி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்மால் டி’ உட்கார்ந்திருக்கும். பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படம் டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாட்டின் பெயரைப் பல வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. அது நல்ல காரியம்தான். கூடவே, எழுத்து திரும்பினால் டிஸ்லெக்ஸியா என்ற எளிய கணக்கையும் கொண்டுவந்துவிட்டது. அந்தக் கணக்கு தப்பு. எழுத்தைத் திருப்பி எழுதுவதாலேயே குழந்தையின் மூளையில் கோளாறு என்று ஆகிவிடாது. பிறந்ததிலிருந்து கெட்டிக்காரத்தனமாகச் செய்துவந்த ஒரு வேலையை அது எழுத்திலும் செய்துபார்க்கிறது, அவ்வளவுதான்.

காபி கப்பின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது அதே கப்தான். இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் நாய் நாய்தான். பொருள்களை அடையாளம் காணும்போது இட-வல வேறுபாட்டைத் தள்ளிவிடுவது மூளைக்கு லாபம். குரங்குகளின் மூளையில்கூட ஒரு வடிவத்துக்கும் அதன் கண்ணாடி பிம்பத்துக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இயங்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று தனி உறுப்பு உருவாக அந்தக் காலம் போதாது. அதனால், உருவங்களை அறியும் மூளைப் பகுதியின் ஒரு துண்டையே வாசிப்பு தனக்கென எடுத்துக்கொள்கிறது என்கிறார் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன். இடத்தோடு அதன் பழைய பழக்கமும் சேர்ந்தே வருகிறது. கோட்டுக்கு வலப்பக்கம் வயிறு வைத்தால் ஓர் எழுத்து, இடப்பக்கம் வைத்தால் இன்னோர் எழுத்து என்பது, எந்தப் பொருளும் அதுவரை குழந்தையிடம் போட்டிராத நிபந்தனை.

குழந்தைகள் கண்டபடி திருப்புவதும் இல்லை. பிரான்ஸில் ழான்-போல் ஃபிஷர் என்ற ஆய்வாளர் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் எழுத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அதிகம் திரும்பியவை 3, 7, ஆங்கில ‘ஜே’, ‘இஸட்’ போன்றவை. அதாவது இடப்பக்கம் பார்ப்பவை. பெரிய எழுத்துகளில் ‘பி’, ‘சி’, ‘ஈ’, ‘எஃப்’, ‘கே’ எனப் பெரும்பாலானவை வலப்பக்கம் பார்க்கின்றன. யாரும் சொல்லித்தராமலே இதைக் கவனித்துவிடும் குழந்தை, ‘எல்லாம் வலப்பக்கம்தான் பார்க்கும்’ என்று ஒரு விதி போட்டுக்கொண்டு விதிவிலக்குகளையும் அதற்குள் இழுக்கிறது. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிக்கப்படும் இடம், உண்மையில் கவனம் சற்றுக் கூடுதலாகப் போன இடம். இடக்கைப் பழக்கம்தான் காரணம் என்ற நம்பிக்கைக்கும் இந்த ஆய்வுகளில் வலுவில்லை. வலக்கைப் பிள்ளைகளும் தாராளமாகத் திருப்புகிறார்கள்.

“அப்படியானால் வளர வளரத் தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடலாமே” என்று கேட்கலாம். பாதிதான் சரி. மீதிப் பாதிக்கான பதில் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் தமிழ் பேசும் பெரியவர்களிடம் கோட்டு வடிவங்களைக் காட்டி, சிறிய வடிவம் பெரியதற்குள் இருக்கிறதா என்று கேட்டார். எழுத்தறியாதவர்கள் திரும்பிய வடிவத்தையும் ‘இருக்கிறது’ என்று ஏற்றார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அப்படியே. தமிழோடு ஆங்கில எழுத்தும் அறிந்தவர்களே வேறுபாட்டைப் பிடித்தார்கள். நம் எழுத்துகளில் எதையாவது கண்ணாடியில் காட்டினால் இன்னோர் எழுத்து ஆகிவிடுமா? ‘ட’வைத் திருப்பினால் வெறும் கோணல் கோடுதான் கிடைக்கும். ஆகவே, இட-வலத்தைக் கறாராகப் பார்க்கத் தமிழ் நம்மை வற்புறுத்துவதில்லை, ஆங்கிலம் வற்புறுத்துகிறது. வயது மட்டும் இந்தத் திறனைக் கொண்டுவருவதில்லை. குறிப்பிட்ட எழுத்துமுறையோடு பழகும் பழக்கம் கொண்டுவருகிறது. எல்.கே.ஜி.யிலேயே இரண்டு எழுத்துமுறைகளையும் ஒருசேரத் திணிக்கும் நாம், தமிழ் நோட்டில் தடுமாறாத பிள்ளை ஆங்கில நோட்டில் தடுமாறுவதைப் பார்த்து மிரள்வதில் அர்த்தமில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளும் எழுத்தைத் திருப்புகிறார்களே? திருப்புகிறார்கள். 1925-இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இதையே மையமாக வைத்து, மூளையின் இரு பாதிகளில் ஒன்று மேலோங்காததால் வரும் கோளாறு என்றார். அந்தக் கருத்து அரை நூற்றாண்டு ஆண்டது. 1970-களில் ஃபிராங்க் வெல்லுட்டினோ என்ற ஆய்வாளர் அதை அசைத்தார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு அறவே பழக்கமில்லாத ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி மறைத்து, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் சளைக்கவில்லை. கண் சரியாகவே பார்த்தது. சிக்கல், வடிவத்தோடு ஒலியை இணைப்பதில் இருந்தது. எழுத்து மெதுவாக மனத்தில் பதியும் பிள்ளைக்குத் திருப்பி எழுதும் பருவமும் நீள்கிறது. அங்கே திருப்புவது விளைவு, காரணம் அல்ல.

ஆறு வயதுப் பிள்ளையிடம் பார்க்க வேண்டியது 3 எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அல்ல. ‘கல்’லுக்கு இணையாக ‘பல்’, ‘சொல்’ என்று ஒலி பிடித்துச் சொல்ல வருகிறதா, ‘மரம்’ எந்த ஒலியில் தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதில் திணறினால், எழுத்துகள் நேராக நின்றாலும் கவனிக்க வேண்டிய பிள்ளை அது. எட்டு வயதைத் தாண்டியும் எழுத்து திரும்பி, வாசிப்பும் தேங்கினால் முறையான பரிசோதனைக்கு அழைத்துப் போகத் தயங்கக் கூடாது. டிஸ்லெக்ஸியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை’ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரித்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டியது கைப்பழக்கம். எழுத்தின் திசை கண்ணைவிடக் கையின் அசைவில் எளிதாகப் பதிகிறது. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதவைத்ததை நரம்பியல் ஞானம் என்று மார்தட்ட வேண்டாம், மணலுக்குக் காசில்லை. ஆனாலும் அந்த முறை வேலை செய்தது. கண்ணாடி ஜோடியான ‘பி’யையும் ‘டி’யையும் ஒரே வாரத்தில் சொல்லித்தருவதைத் தவிர்க்கலாம். ஒன்று கைக்கு நன்றாகப் படிந்த பிறகு மற்றது வரட்டும். ‘பி’க்கு முதலில் கோடு, பிறகு வயிறு, ‘டி’க்கு முதலில் வயிறு, பிறகு கோடு என்று தொடக்கத்தையே வேறாக்கிவிட்டால் குழப்பம் பெருமளவு குறையும்.