லேப்டாப் கண் திறக்காத நாளில்... தெரியுமா?

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் கும்மிருட்டு! நாளைக்குக் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள், ஐந்து வருடக் கணக்கு வழக்கு எல்லாம் அந்த இருட்டுக்குள்! அப்படி ஒரு நாள் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய அதிசயங்கள் இதோ!

'பூட்' என்றால் நிஜமாகவே பூட்ஸ்தான், தெரியுமா?
பூட்ஸை இழுத்து மாட்டுவதற்குப் பின்புறம் ஒரு சிறு வார் இருக்குமே, அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள யாரால் முடியும்? கம்ப்யூட்டர் தினமும் அதைத்தான் செய்கிறது! ஒரு மென்பொருளை ஏற்ற இன்னொரு மென்பொருள், அதை ஏற்ற மற்றொன்று என்று ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் விண்டோஸ் எழாது. ஆனால் உங்கள் ஃபைல்கள் உள்ளே அலுங்காமல் இருக்கக்கூடும்! 'பூட் ஆகவில்லை' வேறு, 'எல்லாம் போச்சு' வேறு.

விண்டோஸ் படுத்தாலும் லேப்டாப் ஓடும்!
2000-ல் ஜெர்மனியின் க்ளவுஸ் க்னோப்பர் 'க்னாப்பிக்ஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டார். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சிடியைப் போட்டால் போதும், முழு இயங்குதளமும் அதிலிருந்தே ஓடும்! இன்று அந்த வேலையை உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றிய ஒரு பென் டிரைவ் செய்கிறது. எழ மறுக்கும் லேப்டாப்பை அதிலிருந்து எழுப்பி, ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம். விண்டோஸையே திரும்பப் போட வேண்டுமா? 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் இன்ஸ்டாலேஷன் மீடியா தயாரித்து வைத்தால் போதும். ஒன்றே ஒன்று: இவற்றைத் தயாரிக்க ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும்!

48 இலக்கம் கேட்கும் பூட்டு உங்கள் வீட்டிலும் இருக்கலாம்!
டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கு ரெக்கவரி கீ என்ற சாவி எண் உண்டு, மொத்தம் 48 இலக்கம். பல புதிய லேப்டாப்களில் இந்தப் பூட்டு, சொந்தக்காரருக்கே தெரியாமல் போடப்பட்டிருக்கும்! டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும், உபுண்டுவில் எழுப்பினாலும் அந்த எண் இல்லாமல் கதவு திறக்காது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது? எழாத அதே லேப்டாப்பின் பிரவுசரில்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை!

ஒரே நாளில் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள்!
2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில் உறைய வைத்தது. விமானங்கள் ரத்து, மருத்துவமனைகள் தடுமாற்றம்! தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் நுழைந்து அந்த அப்டேட்டின் ஃபைலை அழிப்பது, அவ்வளவுதான்! ஆனால் ஏராளமான கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட வேண்டியிருந்தது. பிட்லாக்கர் போட்டவையோ, உள்ளே விட 48 இலக்கத்தைக் கேட்டு நின்றன!

ஒரு கைக்குழந்தையால் பிழைத்த படம்!
1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரு கட்டளை, 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்களை மளமளவென அழித்துத் தள்ளியது. பேக்கப்பைத் திறந்தால் அதுவும் பழுது! கைகொடுத்தவர் படக்குழுவைச் சேர்ந்த கேலின் சூஸ்மன். குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த அவரிடம் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்துப் பூப்போலக் கொண்டுவந்தார்கள்!

ஐந்து பேக்கப்... ஐந்தும் காலி!
2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் வேறு சர்வர் என்று நினைத்து, சுமார் 300 ஜிபி டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழிகள் இருந்தன. ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை! அந்தப் பொறியாளரே ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது அந்த நிறுவனம்! திறந்து பார்க்காத பேக்கப், ருசி பார்க்காத குழம்பு மாதிரி.

கூகுளைக் காப்பாற்றியது டேப்!
2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் சிலரது ஜிமெயில் பெட்டி திடீரெனக் காலி! கூகுள் எதிலிருந்து மீட்டது தெரியுமா? காந்த நாடாவிலிருந்து! இணைப்பில் இல்லாததால் அந்த நாடாவைப் பிழை தொடவில்லை. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கும் இதே கதைதான். லேப்டாப்பில் செருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் அது சேர்த்துப் பூட்டிவிடும். காப்பி முடிந்ததும் கழற்றி வையுங்கள்!

சிங்க் வேறு, பேக்கப் வேறு!
ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் ஃபைல் இருக்கிறதே என்று நிம்மதியா? சிங்க் ஆகும் ஃபைலை லேப்டாப்பில் அழித்தால் அங்கேயும் அழியும்! கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி காத்திருப்பது 30 நாள்தான்.

மூன்று, இரண்டு, ஒன்று!
அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய சூத்திரம் இது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. முடிந்தது!

ஒரு டன் எடையுள்ள டிஸ்க்!
1956-ல் ஐபிஎம்மின் முதல் ஹார்ட் டிஸ்க் சுமார் ஒரு டன் எடை. கொள்ளளவு? 50 லட்சம் எழுத்துகள்! இன்று சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் 1 டிபி டிஸ்க், அதைப்போல 2 லட்சம் மடங்கு கொள்ளும். இடமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது!

மார்ச் 31 உலக பேக்கப் தினம், தெரியுமா?
2011 முதல் கொண்டாடுகிறார்கள். மறுநாள் முட்டாள்கள் தினம். காரணத்தை நான் சொல்ல வேண்டுமா? ஆனால் மார்ச் வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரியே அந்த 48 இலக்கத்தைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப் எழுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் போட்டு, அதில் ஒன்றையாவது திறந்து சரிபாருங்கள். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம்!