மணிக்கட்டு வலியா? அலட்சியம் வேண்டாம்!

"ஐயோ அம்மா! கையில என்னாச்சு?" என்று என் மகள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் ஒலித்துக் கொண்டிருக்கிறது.

அன்று ஆடி வெள்ளிக்கிழமை. பால் பொங்கி வந்ததும் இடுக்கியால் பிடித்து அடுப்பிலிருந்து இறக்கினேன். இரண்டடி கூட நடந்திருக்க மாட்டேன். வலது கைப் பிடி தானாக விட்டுப் போயிற்று. கொதிக்கக் கொதிக்கப் பால் தரையெல்லாம் ஓடியது. என் பாதத்தில் கொஞ்சம் பட்டு வெந்தது. அது போகட்டும். பால் ஓடி நின்ற இடத்திலிருந்து நாலு முழ தூரத்தில் பாயில் குப்புறக் கவிழ்ந்து விளையாடிக் கொண்டிருந்தான் என் ஐந்து மாதப் பேரன்! இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றைக்குத்தான் என் வீட்டாருக்கு என் கையைப் பற்றித் தெரிந்தது. எனக்கோ ஒன்பது மாதமாகத் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தத் தப்பின் பலனை இன்னும் அனுபவிக்கிறேன். சகோதரிகள் யாரும் என் மாதிரி இருந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ராத்திரி வந்த மதமதப்பு

இது ஆரம்பித்தது அதற்கு முந்திய தீபாவளி சமயத்தில். இரண்டு படி மாவுக்கு முறுக்குப் பிழிந்தேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. வலது கைக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போய், எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. கையை உதறினேன், சரியாகிவிட்டது. 'முறுக்குப் பிழிந்த அலுப்பு' என்று படுத்துவிட்டேன்.

பிறகு அது வாரத்தில் இரண்டு நாள், நாலு நாள், தினமும் என்று ஆயிற்று. பொங்கலுக்குள் இடது கையும் சேர்ந்து கொண்டது. மணிக்கட்டில் தொடங்கும் வலி முழங்கை வரை ஏறும். மாசியில் மகளுக்குப் பிரசவம். பத்தியச் சமையல், குழந்தைத் துணி, விருந்தாளிகள். இதில் என் கையைப் பற்றி எங்கே சொல்வது? ஒருநாள் வாய் தவறி மாமியாரிடம் சொன்னேன். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வேலை செய்யற கை வலிக்காம என்ன செய்யும்? நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்ச்சுக்க" என்றார். தேய்த்தேன். தைலம் மாற்றித் தைலம் தேய்த்தேன். மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரையும் விழுங்கினேன்.

சித்திரை வாக்கில் ரவிக்கைக் கொக்கி போடத் தடுமாற ஆரம்பித்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று கண்ணின் மேல் பழி போட்டேன்!

டாக்டர் சொன்ன விளக்கம்

பால் கொட்டிய மறுநாளே என் கணவர் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் முதலில் கேட்டது, "சுண்டு விரல் மரத்துப் போகுதாம்மா?" என்பதுதான். "இல்லை டாக்டர்" என்றேன். "ராத்திரியிலதானே அதிகம்? உதறினா சரியாகுதா?" "ஆமாம்." இரண்டு புறங்கைகளும் ஒன்றோடொன்று ஒட்டும்படி மணிக்கட்டை மடக்கி, விரல்கள் தரையைப் பார்க்க ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொன்னார். அரை நிமிஷத்துக்குள் விரல்கள் மதமதத்து விட்டன. பிறகு என் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது கையில் கட்டை விரலுக்கு அடியில் மேடாகச் சதை இருந்தது. வலது கையில் அந்த மேடு வற்றிப் போயிருந்தது. தினமும் பார்க்கும் என் கைதான், நான் கவனிக்கவே இல்லை!

இதற்குக் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்று பெயராம். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அவை அடிப்பக்கமாகவும், ஒரு கெட்டியான பட்டை மேல்பக்கமாகவும் அமைந்து ஒரு சின்னச் சுரங்கம் மாதிரி இருக்கிறது. அதன் வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், 'மீடியன்' என்ற ஒரு நரம்பும் போகின்றன. "டவுன் பஸ்ஸில கூட்டம் ஏறினா நோஞ்சானா இருக்கறவர்தானே நசுங்குவார்? அந்த மாதிரி உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் முதல்ல நசுங்கறது நரம்புதான்" என்றார் டாக்டர். கட்டை விரல் முதல் மோதிர விரலில் பாதி வரை உணர்ச்சி தருவது அந்த நரம்பு. சுண்டு விரலுக்குப் போவது வேறு நரம்பு. முதலில் சுண்டு விரலைப் பற்றிக் கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. தூங்கும்போது நம்மை அறியாமல் மணிக்கட்டை மடித்துக் கொள்கிறோம். அதனால்தான் ராத்திரியில் தொல்லை அதிகம்.

"வேலை செஞ்சதாலதானா டாக்டர்?" என்று கேட்டேன். "வேலையும் ஒரு காரணம். ஆனா ரெண்டு கையிலயும் வந்திருக்கு. ரத்தம் பார்க்கணும்" என்றார். சர்க்கரை வியாதி, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கர்ப்ப காலம் இவற்றிலெல்லாம் இது வரலாமாம். மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்கு அதிகமாகக் காணப்படுகிறதாம். பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இல்லை, தைராய்டுதான் மிகவும் குறைந்திருந்தது. இரண்டு வருஷமாக உடம்பு பருத்தது, எப்போதும் அசதி, முடி கொட்டியது எல்லாவற்றுக்கும் 'வயசாச்சு' என்று நான் சொல்லிக் கொண்டிருந்த சமாதானம் பொய் என்று தெரிந்தது.

ஒரே வியாதி, இரண்டு கைகள்

நரம்பில் எவ்வளவு வேகமாகச் செய்தி போகிறது என்று மின்சாரத்தால் சோதித்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்தார்கள். சுருக் சுருக்கென்று இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. இடது கையில் பாதிப்பு லேசு, வலது கையில் கடுமை என்று வந்தது.

இடது கைக்கு மணிக்கட்டை நேராக வைக்கும் 'ஸ்ப்ளின்ட்' என்ற பட்டை கொடுத்து, தினமும் படுக்கும்போது மாட்டிக் கொள்ளச் சொன்னார். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டுக் கொண்டு, அரை மணிக்கு மேல் கழித்துத்தான் காபி. மூன்றே மாதத்தில் இடது கை முழுக்க நலமாயிற்று. இதற்கும் கேட்காதவர்களுக்கு மணிக்கட்டில் ஊசி மருந்து போடுவதும் உண்டாம்.

வலது கைக்கு இதெல்லாம் போதாது என்றார். சதை வற்றத் தொடங்கிய பிறகு தாமதிக்கக் கூடாதாம். ஆபரேஷன் என்றதும் அழுதே விட்டேன். ஆனால் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. கையை மட்டும் மரக்கச் செய்து, அந்தக் கெட்டிப் பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் விட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, கை மரக்காமல் தூங்கினேன்.

ஆனால் உண்மையைச் சொல்லி விடுகிறேன். ஒன்றரை வருஷம் ஆகியும் வலது கட்டை விரலில் பழைய பலம் வரவில்லை. பூத் தொடுக்க முடிகிறது, ஊக்குப் போட இன்னும் சிரமம்தான். ஒரே உடம்பு, ஒரே வியாதி. இரண்டு மாதம் பிந்தி ஆரம்பித்த இடது கை பிழைத்தது. முந்தி ஆரம்பித்து, முந்தியே எச்சரித்த வலது கை மாட்டிக் கொண்டது.

கட்டுப் போட்ட கையோடு நான் வந்த அன்று மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் பேசாமல் தம் வலது உள்ளங்கையை நீட்டினார். கட்டை விரலுக்கு அடியில் குழி விழுந்திருந்தது. "ஊக்கு மாட்டிவிடுன்னு உன்னைக் கூப்பிடுவேனே, ஞாபகம் இருக்கா?" என்றார். இருபத்தைந்து வருஷமாக நான் அதை மாமியார் அதிகாரம் என்று நினைத்திருந்தேன்.

எல்லா வலியும் ஒன்றல்ல

எனக்கு வந்த மாதிரியே எல்லாருக்கும் என்று நினைத்து விடாதீர்கள். எந்த இடத்தில், எப்போது வலிக்கிறது என்று கவனித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

என் மகளுக்கும் அப்போதே கை வலி இருந்தது. ஆனால் மதமதப்பு இல்லை. குழந்தையைத் தூக்கும்போது கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில், உயிர் போகும். இது கட்டை விரல் தசைநாணின் உறை தடித்து இறுகுவதால் வருவது. சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டி குவெர்வெய்ன் 1895-ல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். கட்டை விரலை உள்ளே வைத்து மூடிய கையைச் சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்தால் சுரீரென்று வலிக்கும். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இது சகஜம். விரல்களை அகட்டிக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்காமல், உள்ளங்கைகளை அடியில் கொடுத்து அள்ளி எடுக்கச் சொன்னார் டாக்டர். கட்டை விரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை ஒன்று கொடுத்தார். ஆறு வாரத்தில் குறைந்தது. பால் கொடுக்கும் தாய் மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா மழையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். 'சுளுக்கு' என்று இரண்டு நாள் உருவி விட்டார்கள். வீக்கம் அதிகமாகி எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு முறிவு! ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கு எலும்பு மெலிவதால் சாதாரணமாக விழுந்தாலே மணிக்கட்டு முறியலாம். இன்னொன்று. கட்டை விரலை விறைப்பாக நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை அதில் கொட்டி உறிஞ்சுவார்களாம். அதனால் 'பொடி டப்பா' என்றே வைத்தியப் புத்தகங்களில் பெயர். விழுந்த பின் அந்தப் பள்ளத்தில் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போகலாம். பத்துப் பதினைந்து நாளில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். 'அதான் ஒண்ணுமில்லேன்னு வந்திடுச்சே' என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டு மணிக்கட்டும் விரல் முட்டிகளும் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் வரை கை மடக்க வரவில்லை என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டுகள் கோணாமல் காப்பாற்றலாம். மணிக்கட்டின் மேல் வலியில்லாமல் உருண்டையாகக் கட்டி தோன்றினால் அது பெரும்பாலும் தீங்கில்லாதது, தானாகவே கரைந்து விடுவதும் உண்டு. ஆனாலும் ஒருமுறை காட்டி உறுதி செய்து கொள்ளுங்கள். காய்ச்சலோடு மணிக்கட்டு சிவந்து, சூடாக வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடியவை

* மணிக்கட்டை மடித்தபடி வேலை செய்யாதீர்கள். தேங்காய் துருவும்போதும், சப்பாத்தி தேய்க்கும்போதும், செல்போன் பார்க்கும்போதும் கூடியவரை நேராக இருக்கட்டும்.

* கனமான குக்கர், குடம் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் தூக்குங்கள்.

* போர்வை, ஜமுக்காளத்தை முறுக்கிப் பிழியாமல், கொடியில் அப்படியே போட்டு நீர் வடிய விடுங்கள்.

* அரை மணிக்கு ஒருமுறை கைக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு கொடுங்கள். முறுக்கு நாலு நாள் பிந்தினால் தீபாவளி ஓடிப் போய்விடாது.

* புதிதாக அடிபட்ட இடத்தைத் தேய்க்கவோ உருவவோ கூடாது. துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள்.

* மரத்துப்போதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாமான்கள் கை நழுவினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.

ஒரு விஷயம் பாக்கி. ஆபரேஷனுக்குப் பிறகு, "ஆறு வாரம் கனமான வேலை கூடாது" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து, "உங்க வீட்ல துணி பிழியறது யாரு சார்?" என்று கேட்டார். இவர் பதில் சொல்லவில்லை. அன்று முதல் துணி இவர் பொறுப்பு. கல்லூரியில் படிக்கும் மகன் கிரைண்டரில் மாவரைத்து வழித்து வைக்கக் கற்றுக் கொண்டான். முதல் வாரம் உப்புப் போட மறந்தான். அதனால் என்ன, சட்னியில் சரிக்கட்டிக் கொண்டோம். ஆறு வாரம் என்று ஆரம்பித்தது இன்றும் நடக்கிறது. கேட்டிருந்தால் முன்பே செய்திருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை.

சகோதரிகளே, இன்றே உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே உங்கள் அம்மா, மாமியார் கைகளையும் வாங்கிப் பாருங்கள்.