கடைசி மேசையின் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

சீட்டாட்டத்தைப் பற்றிக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் புருவத்தை உயர்த்தலாம். சூதுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியதை நானும் அறிவேன். ஆட்டத்திற்கு ஆள் சேர்ப்பது என் நோக்கமன்று. நிகழ்தகவுப் பாடத்தில் நாணயத்தைச் சுண்டியும் பகடையை உருட்டியும் சலித்துப்போன நண்பர்களுக்கு, அதே பாடம் உயிரோடு நடமாடும் ஓர் இடத்தைக் காட்ட விரும்புகிறேன், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 1970-இல் 'உலகப் போக்கர் தொடர்' தொடங்கியது. 2003-இல் அதன் தலைமைப் போட்டியில் 839 பேர் கலந்துகொண்டனர். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 10,000 டாலர். அதற்கு ஈடாக ஒவ்வொருவருக்கும் 10,000 புள்ளி மதிப்புள்ள வட்ட வில்லைகள் கொடுக்கப்பட்டன. வில்லை தீர்ந்தவர் எழுந்து போகவேண்டும். இப்படி மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, இறுதியில் ஒன்பது பேர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். இதைத்தான் 'கடைசி மேசை' என்கிறார்கள்.

ஆட்ட விதி எளிது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று எனத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம்; பிடிக்கவில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்; துணிந்தால் கையிலுள்ள எல்லா வில்லைகளையும் நடுவே தள்ளிவிடலாம். இந்தக் கடைசிச் செயலைத்தான் படங்களில் காட்டுகிறார்கள். ஒதுங்குவதை யார் காட்டுவார்கள்? ஆனால் கடைசி மேசையில் கற்கவேண்டிய வித்தை ஒதுங்குவதில்தான் இருக்கிறது.

அது எப்படி? அந்த ஆண்டுப் பரிசுகளைப் பாருங்கள். முதற்பரிசு 25 லட்சம் டாலர். இரண்டாம் பரிசு 13 லட்சம். மூன்றாம் பரிசு 6.5 லட்சம், ஒன்பதாம் இடத்துக்கு 1,20,000. மொத்தப் பரிசுத் தொகை 78 லட்சத்துக்குச் சற்று அதிகம். போட்டி முடியும்போது எல்லா வில்லைகளும், அதாவது 83,90,000 புள்ளிகளும், ஒருவர் கைக்கு வந்துவிடும். ஆனால் அவருக்குக் கிடைப்பது பரிசுத் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! மீதிப் பணம் வெறுங்கையோடு எழுந்து போனவர்களுக்குப் போகிறது. ஆகவே வில்லை வேறு, பணம் வேறு. ஒன்றை இரட்டிப்பாக்கினால் மற்றது இரட்டிப்பாவதில்லை.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள், மூவரிடமும் சமமான வில்லைகள் இருக்கின்றன என்று கொள்வோம். (உண்மையில் அன்று சமமாக இல்லை, இது நம் வசதிக்காக.) திறமையும் சமமானால், ஒவ்வொருவருடைய எதிர்பார்ப்பு மதிப்பும் மூன்று பரிசுகளின் சராசரி: ஏறத்தாழ 14.83 லட்சம். இப்போது முதலாமவர் எல்லாவற்றையும் நடுவே தள்ளுகிறார். இரண்டாமவர் ஏற்கிறார். மூன்றாமவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்.

தோற்றவருக்கு 6.5 லட்சம். வென்றவரிடம் மூன்றில் இரண்டு பங்கு வில்லை. இருவர் மட்டும் ஆடும்போது ஒருவர் வெல்லும் நிகழ்தகவு அவரிடமுள்ள வில்லைகளின் பங்குக்குச் சமம் என்பது 'சூதாடியின் அழிவு' என்ற பழைய கணக்கின் விடை. எனவே வென்றவரின் மதிப்பு 25 லட்சத்தில் மூன்றில் இரண்டும் 13 லட்சத்தில் மூன்றில் ஒன்றும் சேர்ந்தது: 21 லட்சம். மோதிய இருவரின் சராசரி 13.75 லட்சம். மோதுவதற்கு முன்பு இருந்ததோ 14.83! ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எங்கே போயிற்று?

சும்மா இருந்தவரிடம் போயிற்று. அவருக்கு இரண்டாம் இடம் உறுதியாகிவிட்டது. அவர் மதிப்பு இப்போது 17 லட்சம். விரலைக்கூட அசைக்காமல் இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதித்துவிட்டார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இரண்டாமவர் எப்போது ஏற்கலாம்? 6.5-க்கும் 21-க்கும் இடையே உள்ள வித்தியாசம் 14.5. ஒதுங்கினால் இருப்பது 14.83. வெல்லும் வாய்ப்பு 57.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் ஏற்பது லாபம். பாதிக்குமேல் போதாதா என்றால், போதாது. அவர் கையில் இரண்டு ஏழு இருக்கிறது. எதிராளி ஏஸும் ராஜாவும் வைத்திருப்பதைத் திறந்தே காட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஜோடி வெல்லும் வாய்ப்பு சுமார் 55 விழுக்காடு. வெல்லக்கூடிய சீட்டுதான், ஆனாலும் கவிழ்த்துவிட வேண்டும். வெறும் வில்லைகளை எண்ணுபவன் ஏற்றுக்கொள்வான். பணத்தை எண்ணுபவன் ஏற்கமாட்டான்.

நான்கு, ஐந்து பேர் இருந்து வில்லைகளும் ஏற்றத்தாழ்வாக இருந்தால் கணக்கு நீளும். அதற்குக் குதிரைப் பந்தயத்துக்காக 1973-இல் டேவிட் ஹார்வில் வெளியிட்ட வாய்பாட்டையே இன்றும் பயன்படுத்துகிறார்கள். குதிரைக்குப் போட்ட கணக்கு மனிதனுக்கும் பொருந்துவது வேடிக்கைதான்.

இந்தக் கணக்கை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் முதலாண்டுக் கட்டணத்துக்கு வீட்டிலிருந்த மூன்று ஆடுகளில் இரண்டை விற்றார். மூன்றாவதற்கும் நல்ல விலை வந்தது, கொடுக்கவில்லை. குறைந்த பணத்தை வட்டிக்கு வாங்கினார். மூன்றும் ஒரே எடைதான், ஒரே விலைதான். ஆனால் கடைசி ஆட்டின் மதிப்பு முதல் ஆட்டின் மதிப்பன்று. அது இருந்தால்தான் குட்டி உண்டு, அடுத்த ஆண்டு உண்டு. வில்லை ஒன்றுகூட இல்லாதவன் மேசையில் உட்கார முடியாது என்பதும் இதுதான். கணக்கைக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தோத்தவன் வெறுங்கையோடவா போவான்?" இல்லையப்பா, ஆறரை லட்சம் டாலர் என்றேன். "அப்ப அது சூது இல்ல, சம்பளம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசி மேசையைப் பொறுத்தவரை அது சரி. அங்கே வருவதற்குள் பத்தாயிரம் டாலரைத் தொலைத்து எழுந்து போனவர்கள்தாம் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தவர்கள்.

சும்மா இருப்பதே சுகம் என்றால் ஒன்பது பேரும் கைகட்டி உட்கார்ந்திருக்கலாமே! அதற்கும் ஒரு தடை வைத்திருக்கிறார்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்து இருவர் கட்டாயப் பந்தயம் கட்டவேண்டும். நம் ஊர் மூணு சீட்டில் சொல்லும் 'பிளைண்ட்' போன்றது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை இத்தொகை உயரும். ஒருவர் கையிலுள்ள வில்லைகளை ஒரு சுற்றுச் செலவால் வகுத்தால் வருவது, ஆடாமல் எத்தனை சுற்று உயிரோடு இருக்கலாம் என்ற எண். 2003-இல் மூன்றாம் இடம் பெற்ற டான் ஹாரிங்டன் பின்னர் எழுதிய நூல்களில் இதற்கு 'எம்' என்று பெயர். பேக்கேமன் ஆட்டக்காரர் பால் மக்ரியல் பெயரின் முதலெழுத்து. ஒரு சுற்றுக்கு 48,000 செலவாகும்போது கையில் 2,40,000 இருந்தால் 'எம்' ஐந்து. ஒன்பது பேர் இருக்கையில் ஒரு சுற்று என்பது ஒன்பது ஆட்டம்; மூவரானால் மூன்றே ஆட்டம். ஆள் குறையக் குறையக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. பொறுத்தவனுக்குப் பரிசு ஏறுகிறது, பொறுக்கப் பொறுக்க வில்லை கரைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்டம்.

இருவர் மட்டும் மிஞ்சியவுடன் எல்லாம் மாறிவிடுகிறது. வேடிக்கை பார்த்து லாபம் பெற மூன்றாமவர் இல்லை. இருவருக்கும் 13 லட்சம் உறுதி. மீதி 12 லட்சத்துக்கு மட்டுமே போட்டி. ஒவ்வொரு வில்லைக்கும் ஒரே மதிப்பு. புள்ளிக்குப் பதினான்கு சென்ட் சொச்சம். மீண்டும் பாதிக்குமேல் வாய்ப்பிருந்தால் போதும். 2003-இல் அப்படி எதிரெதிரே அமர்ந்தவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹாவும், டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும். ('பணம் செய்பவர்' என்று பொருள்படும் அப்பெயர் அவருடைய உண்மையான குடும்பப் பெயரே!) 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடிய தகுதிப் போட்டி வழியாக வந்தவர் அவர். ஒரு கட்டத்தில் கையில் ஒன்றுமேயில்லாமல் எல்லா வில்லைகளையும் நடுவே தள்ளினார். ஒன்பது ஜோடி வைத்திருந்த ஃபார்ஹா நெடுநேரம் யோசித்துக் கவிழ்த்துவிட்டார். மேசையில் பொருத்திய சிறு ஒளிப்படக் கருவிகளால் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு இரண்டு கையும் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

கடைசிக் கையில் ஃபார்ஹாவிடம் ஜாக்கியும் பத்தும். மணிமேக்கரிடம் ஐந்தும் நான்கும். திறந்த மூன்று சீட்டு ஜாக்கி, ஐந்து, நான்கு. இருவரும் முழுவதையும் தள்ளினர். அடுத்து எட்டு, அதற்கடுத்து இன்னோர் ஐந்து. மணிமேக்கர் வென்றார். அடுத்த ஆண்டு 839 பேர் 2,576 ஆயினர். அந்தக் கூட்டத்திலும் ஹாரிங்டன் கடைசி மேசைக்கு வந்து சேர்ந்தார். இம்முறை நான்காம் இடம், 15 லட்சம் டாலர்.