பாறையில் எழுதிய பெயர்கள்: உத்தமபாளையம் திருக்குணகிரிக் கல்வெட்டுகளும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டம் உத்தமபாளையத்தில் உள்ள திருக்குணகிரிக் குன்றின் பாறைமுகத்தில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் அவற்றை ஒட்டி வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அமைந்துள்ளன. அளவில் சிறியனவாகவும் அரசியல் செய்தி குறைந்தனவாகவும் இருப்பதால் இக்கல்வெட்டுகள் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன. அவற்றின் பொருள் வாசகத்தில் மட்டும் இல்லை. அவை நிற்கும் பாறையிலும், பாறை நிற்கும் வழியிலும், அதே பெயரைத் தாங்கிய பிற மலைகளோடு கொண்ட தொடர்பிலும் உள்ளது. இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: உத்தமபாளையம், திருக்குணகிரி, அச்சணந்தி, வட்டெழுத்து, சமணம், கம்பம் பள்ளத்தாக்கு, மேகமலை.

முன்னுரை

எழுதப்படும் பொருள்களில் மலை தனித்தன்மை உடையது. ஓலையும் செப்பேடும் கைமாறக் கூடியவை, இடம்பெயரக் கூடியவை. பாறையில் பொறித்த எழுத்தோ தான் பிறந்த இடத்திலேயே நிற்கிறது. படிக்க விரும்புவோர் அதனை நாடிச் செல்ல வேண்டும். இந்த உண்மையைப் பேரளவில் உணர்ந்து பயன்படுத்திய நாடு சீனம். சாந்தோங் மாகாணத்துத் தாய் மலையில் பாறைமுகங்களைத் தேய்த்துச் சமன் செய்து எழுத்துப் பொறிக்கும் மரபு நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்தது. தாங் அரசமரபின் பேரரசர் சுவான்சோங் அம்மலையில் 725இல் வேள்வி செய்து, அதன் நினைவாக 726இல் நெடிய கல்வெட்டொன்றை வெட்டுவித்தார். அதே மலையின் ஓடைப் படுகையில் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வச்சிரச்சேதிகைப் பௌத்த சூத்திரம் ஏறக்குறைய அரை மீட்டர் அளவுள்ள எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது. மலையேறுவோர் எழுத்துகளினூடே நடந்து செல்கின்றனர். 1987இல் யுனெசுகோ அம்மலையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

தமிழகப் பாறைக் கல்வெட்டுகள் அத்தகைய பேருரு கொண்டவை அல்ல. அவை பெரும்பாலும் ஓரிரு அடிகளில் முடிபவை. ஆயினும் இடத்தோடு பிணைந்து நிற்றல் என்னும் இயல்பில் இரண்டும் ஒன்றே. அவ்வியல்பைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று, மேகமலையின் மேற்குப் புறத்தே விரியும் கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையம்.

பள்ளத்தாக்கின் எழுத்து மரபு

கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் மேற்கே ஏலமலைத் தொடரும் சூழ அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. இதன் தென்மேற்கு முனையில் கூடலூரைக் கடந்து குமுளி வழியாகச் சேர நாட்டுக்கும், வடகிழக்கே வைகைக் கரை வழியாக மதுரைக்கும் பாதைகள் செல்கின்றன. இருபுறமும் மலை, நடுவே நீர்வளம், இரு முனைகளிலும் வழி என்னும் இந்த அமைப்பே வணிகரையும் துறவியரையும் இங்கு ஈர்த்தது எனலாம்.

இப்பகுதியின் எழுத்து வரலாறு சமணக் கல்வெட்டுகளுக்கு மிக முற்பட்டது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் குழுவினர் தமிழ் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளைக் குறிப்பிடுகிறது. ஆநிரை கவர்தலும் அதில் வீழ்ந்தார்க்குக் கல் நடுதலும் இலக்கியச் செய்திகளாக மட்டும் அல்லாமல் கல்லிலும் எழுதப்பட்டன என்பதற்கு அது சான்று.

உத்தமபாளையத்துக்கு அண்மையிலுள்ள சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இம்மரபின் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றன. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பெரிய சின்னமனூர்ச் செப்பேடு வடமொழிப் பகுதியைக் கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் கொண்டது. மகாபாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதையும் மதுரையில் சங்கம் வைக்கப்பட்டதையும் கூறும் அச்செப்பேடு, பாண்டியர் மரபுவழியை விரித்துரைக்கிறது. அரசனின் குரல் செப்பேட்டில் ஒலிக்கிறது. திருக்குணகிரிப் பாறையில் ஒலிப்பது துறவியரின் குரல். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே எழுத்தில் அமைந்த இவ்விரு குரல்களுள் முதலாவதே பாண்டியர் வரலாற்றில் பெரிதும் இடம் பெற்றது.

திருக்குணகிரி: உருவமும் எழுத்தும்

கருப்பணசாமி கோயில் குன்று என்று மக்களால் அழைக்கப்படும் இக்குன்றின் பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசைகளில் புடைப்புச் சிற்பங்களாக அமைந்துள்ளன. தலைக்கு மேல் பாம்பின் படம் விரிந்த உருவம் பார்சுவநாதரைக் குறிக்கும். முக்குடையின் கீழ் அமர்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிற உருவங்கள் உள்ளன. கல்வெட்டுகள் வழங்கும் திருக்குணகிரி என்னும் பெயர், இக்குன்று ஒரு காலத்தில் வழிபாட்டுக்குரிய சமணத் தலமாக விளங்கியதை உணர்த்துகிறது. இத்தலத்து இறைவனுக்கு விளக்கெரிக்க அறக்கொடை அளிக்கப்பட்டதையும் கல்வெட்டால் அறிகிறோம்.

ஏனைய கல்வெட்டுகள் உருவங்களை அடுத்து அமைந்த சிறு பொறிப்புகள். இன்னார் செய்வித்த திருமேனி என்பதே அவற்றின் பொது வாய்பாடு. அச்சணந்தி, அரிட்டநேமி முதலிய துறவியர் பெயர்கள் இவ்வாய்பாட்டில் காணப்படுகின்றன. செய்வித்தல் என்னும் பிறவினை வடிவம் இங்குக் கருதத்தக்கது. பெயர் பொறிக்கப்பட்டவர் உளி பிடித்தவர் அல்லர். உருவம் அமையக் காரணமாக இருந்தவர். கல்லை வெட்டிய தச்சரின் பெயரை இவ்வாய்பாடு கூறுவதில்லை. திருமேனி என்னும் சொல்லோ, செதுக்கப்பட்டதைச் சிற்பமாக அல்லாமல் வணங்கத்தக்க உடலாகக் காண்கிறது. மூன்று சொற்களில் புரவலர், செயல், வழிபாட்டு நோக்கு ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன.

ஒரு பெயர், பல மலைகள்

திருக்குணகிரியில் மட்டும் வைத்துப் படித்தால் அச்சணந்தி என்பது ஒரு பெயர் மட்டுமே. மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை, அழகர்மலை, கீழக்குயில்குடிச் சமணர்மலை, கருங்காலக்குடி ஆகிய இடங்களிலும், பழனியை அடுத்த ஐவர்மலையிலும், குமரி மாவட்டத்துச் சிதறாலிலும், வடக்கே வள்ளிமலையிலும் அதே பெயர் காணப்படுகிறது. சமணர்மலையில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் உண்டு. எந்த அரச ஆவணமும் தராத செய்தி இது: துறவு பூண்ட ஒருவரின் தாய், மகனின் பெயரால் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு அறம் செய்திருக்கிறார்.

இக்கல்வெட்டுகளின் காலத்தை உய்த்துணர ஐவர்மலை துணைபுரிகிறது. அங்குள்ள வரகுணபாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சக ஆண்டு 792ஐக் குறிப்பிடுவதால் கி.பி. 870 என்னும் உறுதியான காலம் கிடைக்கிறது. பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் சாந்திவீரக்குரவர் புதுப்பித்து 505 காணம் கொடையளித்ததை அக்கல்வெட்டு கூறுகிறது. எழுத்தமைதி கொண்டு அச்சணந்தி கல்வெட்டுகளும் ஏறத்தாழ இக்காலப் பகுதியைச் சார்ந்தவை எனக் கருதப்படுகின்றன.

இவ்விடங்களை நிலப்படத்தில் குறித்து நோக்கினால் உத்தமபாளையத்தின் இடம் விளங்கும். மதுரைக் குன்றுகளிலிருந்து மேற்கே மலைக்கணவாயை நோக்கிச் செல்லும் வழியில் அது நிற்கிறது. சமணத் துறவியர் மழைக்காலம் நீங்கலாக ஓரிடத்தில் நெடுநாள் தங்காமல் நடந்து செல்லும் நெறியினர். ஆகவே ஒரே பெயர் பல மலைகளில் பொறிக்கப்பட்டிருப்பது அந்நடையின் சுவடு எனக் கொள்ள இடமுண்டு. பெயர் ஒற்றுமை ஒன்றே ஆள் ஒற்றுமைக்குப் போதிய சான்று ஆகாது என்பதையும் மறத்தலாகாது. பல்லிடத்து எழுத்துகளையும் நேரில் கண்டு, அவற்றின் வளைவு, வெட்டின் ஆழம், சொற்றொடர் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்ட பின்னரே அம்முடிபு உறுதிபெறும்.

களத்தில் படித்தலும் காத்தலும்

அந்த ஒப்பீட்டுக்குப் பாறையே மூலச்சான்று. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றுபோலத் தோன்றக் கூடியவை. புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சோழர் ஆட்சிக்குப் பின் பாண்டிய நாட்டில் தமிழெழுத்து மேலோங்கியதால் வட்டெழுத்தைப் படிக்கும் பழக்கமும் மறைந்தது. பாறையின் இயற்கைக் கீறலும் உளியின் வெட்டும் ஒரு மைப்படியில் வேறுபாடின்றிப் பதிவாகக் கூடும். காலை அல்லது மாலைச் சாய்வொளியில் பாறையருகே நின்று காண்போர்க்கே வேறுபாடு புலனாகும். படி பழையதாயினும் புதியதாயினும் ஐயம் எழுந்தால் தீர்ப்பது பாறைதான்.

அப்பாறைக்கு இடையூறுகள் பல. எழுத்து விளங்க வேண்டிச் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் ஆணியால் கீறுவதும், பெயர் கிறுக்குவதும் வண்ணம் பூசுவதும் எழுத்தின் விளிம்பைச் சிதைக்கின்றன. கல்லுடைப்பு மலையையே இல்லாமல் செய்துவிடும். மறுபுறம், வழிபடப்படும் குன்றில் கல் உடைக்க மக்கள் எளிதில் இசைவதில்லை. தீர்த்தங்கரர் தலம் கருப்பணசாமியின் இடமாக மாறியதைச் சமண மறைவின் அடையாளமாக மட்டும் கொள்வது முழுமையான பார்வை அன்று. அம்மாற்றமே குன்றுக்குக் காவலாகவும் அமைந்திருக்கலாம். சமணப் படுகையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் கொண்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. எழுத்தையும் சுனையையும் உயிரினங்களையும் ஒருசேரக் காக்கும் அந்த அணுகுமுறை மேகமலை அடிவாரத்துக் குன்றுகளுக்கும் பொருந்தும்.

முடிவுரை

திருக்குணகிரிக் கல்வெட்டுகள் தனித்தனியே நோக்க மிகச் சுருங்கியவை. இடத்தோடும் பிற மலைகளோடும் சேர்த்து நோக்கும்போது அவை 9ஆம் நூற்றாண்டுத் துறவியர் சிலரின் இயக்கத்தையும், அவர்களுக்குத் துணைநின்ற உறவுகளையும், கம்பம் பள்ளத்தாக்கு வழியின் பழமையையும் உணர்த்துகின்றன. அச்சணந்தி பெயர் காணப்படும் எல்லா இடங்களையும் ஒரே முறையில் ஒளிப்படமும் முப்பரிமாணப் பதிவும் செய்து ஒப்பிடுதல் அடுத்த கட்ட ஆய்வுக்கு உரியது. அதுவரை அக்குன்றுகளில் ஒன்று அழிந்தாலும், எஞ்சியவற்றைப் படிக்கும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.