பிறந்த தேதியைத் தேடி

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்குத் தொழிற்பயிற்சி என்றவுடன் கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களும், குளிரூட்டப்பட்ட அலுவலகங்களும், மாத இறுதியில் கைக்கு வரும் சிறு உதவித்தொகையும்தான் நினைவுக்கு வரும். புள்ளியியல் மாணவனான நானும் ஒரு வங்கியையோ காப்புறுதி நிறுவனத்தையோதான் மனத்தில் வைத்திருந்தேன். எனக்கு இடம் கிடைத்ததோ கிள்ளானில், ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய அரசு சாரா அமைப்பில். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, குடியுரிமை ஆகியவை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பதே அதன் பணி. 2023ஆம் ஆண்டில் பன்னிரண்டு வாரங்கள் அங்கே இருந்தேன். அந்தப் பணி எப்படி நடக்கிறது, ஏன் அதை அவசரமாகச் செய்ய முடியாது என்பதை நம் கழக நண்பர்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்தேன். ஒருவருக்கு அரை மணி நேரம், நாளொன்றுக்குப் பத்துப் பேர் என்று கணக்கும் போட்டேன். அங்குள்ள மூத்த பணியாளரை எல்லாரும் அக்கா என்றுதான் அழைப்பர். அவர் படிவத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் பேனாவால் அடித்தார். "ஏன் உரிய காலத்தில் பதியவில்லை?" என்பதே அந்தக் கேள்வி.

"இதக் கேட்டா அதுக்கப்புறம் வாயத் தொறக்க மாட்டாங்க தம்பி. அப்ப என்னா நடந்துச்சுன்னு மட்டும் கேளு. படிவம் பையிலேயே இருக்கட்டும்" என்றார்.

அடையாள அட்டை இல்லாமல் ஒருவர் எப்படி இத்தனை ஆண்டுகள் இருக்க முடியும் என்று நம்மில் படித்தவர்களே வியப்பதைக் கேட்டிருக்கிறேன். வரலாறு தெரிந்தால் இதில் வியப்பில்லை. விடுதலைக்கு முன் இங்குப் பிறந்தவர்களில் பலர், அரசியலமைப்பின் 16ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. அந்தச் செய்தியே சென்று சேராத லயன் வீடுகள் உண்டு. சேர்ந்த இடத்திலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டணம் போக வேண்டும், மலாயில் பேச வேண்டும், பாரம் நிரப்ப வேண்டும். அதே காலத்தில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான். தோட்டம் கைமாறியபோது குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. தகரப் பெட்டியில் இருந்த காகிதங்கள் தொலைந்தன. பிறகு வந்த 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றது. அப்போது தமிழகத்திற்குக் கப்பல் ஏறிய குடும்பங்கள் ஏராளம். போகாமல் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் எங்கள் மாடிப்படி ஏறி வந்தவர்களில் பலர்.

கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு பாட்டியை எனக்கு ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்தது நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை. பிறந்த மண்ணை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர். ஆனாலும் வாக்களிக்க முடியாது, மலேசியக் கடப்பிதழ் எடுக்க முடியாது. அட்டையில் பிறந்த ஆண்டு 1963 என்றிருந்தது. அது குத்துமதிப்பாக எழுதப்பட்டது என்பது அவர் சொல்லித்தான் தெரியும்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, 1957 ஆகஸ்டு 31 தொடங்கி 1962 அக்டோபருக்கு முன்பு வரை கூட்டரசில் பிறந்தவர்கள், தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, பிறப்பினாலேயே குடிமக்கள். அக்டோபர் முதல் அது போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். அல்லது குழந்தை வேறு எந்த நாட்டின் குடியுரிமையோடும் பிறக்கவில்லை என்று காட்ட வேண்டும். பாட்டியின் பெற்றோர் சேலத்துப் பக்கமிருந்து வந்தவர்கள். லயன் வீடுகளை இடித்தபோது அவர்களுடைய தாள்கள் எல்லாம் போய்விட்டன. 1963இல் பிறந்தவர் என்றால் கையில் இல்லாத அந்தத் தாள்களைக் காட்ட வேண்டும். 1962 செப்டம்பருக்குள் பிறந்தவர் என்றால் அவர் இங்கே பிறந்தார் என்பதை மட்டும் நிறுவினால் போதும். சில மாத வித்தியாசம்தான். ஆனால் வழக்கின் எடை முழுவதும் அதில்தான் இருந்தது.

முதல் நாள் ஒரு தேதிகூடக் கிடைக்கவில்லை. "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டு, கோப்பி கலக்கிக் கொடுத்து, முட்டிவலி பற்றியும் பேரன் வாங்கிய மோட்டார் பற்றியும் பேசினார். கைத்தொலைபேசி மூன்று முறை அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. மாலை திரும்பும்போது என் குறிப்பேட்டில் இருந்தவை நான்கு சொற்கள்: பிரட்டு, செக்ரோல், மங்கு, ஆயாக் கொட்டகை. கிள்ளான் பட்டணத்தில் வளர்ந்த எனக்கு இவற்றில் ஒன்றுகூட முழுதாக விளங்கவில்லை.

அடுத்த முறை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது பிரட்டு என்றார். பெயரும் கூலியும் எழுதும் பேரேடு செக்ரோல். பால் மரத்தில் கட்டுகிற கிண்ணம் மங்கு. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் ஆயாக் கொட்டகை என்று சொல்லும்போது பேச்சோடு பேச்சாக, "அண்ணன் அங்க ஓடித் திரியறப்ப நான் ஏணையில கெடந்தேனாம்" என்றார். அண்ணனுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது: 1960 நவம்பர். தங்கைக்கும் இருந்தது: 1964 பிப்ரவரி. நடுவில் பிறந்த இவருக்கு மட்டும் இல்லை. அந்தச் சமயம் தோட்டத்தில் கிராணி மாறியிருந்தாராம்.

மூன்றாம் சந்திப்பில் பள்ளிக்கூடக் கதை வந்தது. "ஒன்னாம் வகுப்புல இருக்கறப்பதான் ஊரடங்கு போட்டாங்க. பள்ளிக்கூடம் இல்லன்னு எங்களுக்கு ஒரே சந்தோசம்" என்று சிரித்தார். நாட்டின் பெருந்துயரமான 1969 மே 13 அவருக்குக் கிடைத்த விடுமுறையாக நினைவில் தங்கியிருந்தது. ஏழு வயதாகும் ஆண்டில் ஒன்றாம் வகுப்பு என்றால் பிறப்பு 1962. அந்தத் தமிழ்ப்பள்ளி பின்னர் வேறு இடத்துக்கு மாறியிருந்தாலும் பழைய சேர்க்கைப் பதிவேடு பத்திரமாக இருந்தது. 1969 ஜனவரியில் சேர்க்கை. தகப்பனார் பெயர் சரி. பிறந்த தேதிக்கான கட்டம் மட்டும் காலி.

மாதம் எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. காப்பாரில் இருந்த அத்தை ஒருவர், எண்பது வயதைக் கடந்தவர், சொன்னார்: தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் கரகம் எடுக்கக் காப்புக் கட்ட இருந்த பாட்டியின் தகப்பனாருக்கு, பிள்ளை பிறந்த தீட்டு என்பதால் அந்த ஆண்டு எடுக்க முடியாமற் போயிற்று, அவருக்குப் பதிலாக ஓர் இளைஞர் எடுத்தார். அந்த இளைஞரை, இப்போது தாத்தா, கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் ஆயின. அவர் ஆண்டைச் சொல்லவில்லை. "நான் கரகம் தூக்கின மறு தையில கல்யாணம். அந்த வருசக் கடைசியிலேயே மூத்தவன் பொறந்துட்டான்" என்றார். மூத்தவரின் பிறப்புப் பத்திரத்தில் 1963 டிசம்பர் என்றிருந்தது. ஆகவே கரகம் தூக்கிய ஆடி, 1962இன் ஆடி. அக்டோபருக்கு முன்புதான்.

எங்கள் துறையில் விடுபட்ட தரவு இருந்தால் சராசரியைக் கொண்டு நிரப்ப வழி இருக்கிறது. இங்கே அதற்கு இடமே இல்லை. அத்தையும் தாத்தாவும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையொப்பமிட்ட வாக்குமூலங்களில் ஆகஸ்டு மாதத்துத் தேதி ஒன்றைப் பொருத்தமாக எழுதியிருந்தால் அவை அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது பொய்ச் சத்தியம். தீட்டு, கரகம், தை மாதக் கல்யாணம் என்று அவர்கள் சொன்னது சொன்னபடியே மலாயில் எழுதி, தமிழில் திரும்பப் படித்துக் காட்டி, தலையாட்டிய பிறகே கையொப்பம் வாங்கினோம். ஒருவருடைய குடியுரிமை பற்றி ஐயம் எழுந்தால் அவர் குடிமகன்தான் என்று சான்று வழங்க அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு அரசாங்கத்திற்கு அதிகாரம் தருகிறது. அந்தச் சான்றுக்கான கோப்பு என் பதினோராம் வாரத்தில்தான் முழுமையடைந்தது. முடிவு அரசாங்கத்தின் கையில். பாட்டிக்கு ஒரே ஒரு குறை: "அப்ப எனக்கு ஒரு வயசு கூடிப் போச்சா?"

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றிலும் ஆற அமர இருக்கலாம் என்று கொள்ள வேண்டாம். பிள்ளைகள் விஷயத்தில் நேர்மாறு. 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு நம் திருமணங்களைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை குடியுரிமையில் தாயைப் பின்பற்றும் என்பதால், தகப்பன் மலேசியராக இருந்தும் தாய் வெளிநாட்டவரானால் பிள்ளை வெளியே நிற்கிறது. அத்தகைய பிள்ளைகளுக்கான வழிகளில் ஒன்றான 15A பிரிவு 21 வயதுக்கு உட்பட்டோருக்கு எழுதப்பட்டது. 2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த வரம்பை 18ஆகக் குறைக்கிறது. பதினாறு வயதுப் பையன் ஒருவனின் கோப்பை அக்கா ஒரே மூச்சில் முடித்ததையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கோப்பு எந்த வகை என்று பிரித்தறிவதுதான் அங்கே நான் கற்ற தொழில்.

என்னிடம் மாறியது என்னவென்று விடுதி நண்பர்கள் கேட்பதுண்டு. பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவர் பேச்சை நிறுத்தினால் அடுத்த கேள்வியைப் போடாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது. என் பாட்டியிடம் அவருடைய ஆயாக் கொட்டகை பற்றிக் கேட்டேன். இரண்டு இரவுகள் பேசினார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் அவர் பால் வெட்டிய தோட்டத்தின் பெயரே எனக்குத் தெரியாமல் இருந்தது.

இப்போதும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் கிள்ளானுக்குப் போகிறேன். வாக்குமூலங்களை மலாயில் தட்டச்சு செய்து தமிழில் படித்துக் காட்டக்கூடியவர்கள் எப்போதும் போதவில்லை. நம் கழகத்தில் இரு மொழியும் நன்கு தெரிந்தவர்கள் பலர் உள்ளனர். காலை ஒன்பது மணிக்குக் கிள்ளான் ரயில் நிலையத்துக்கு வந்தால் சேர்ந்தே போகலாம். படிவம் அங்கே தருவார்கள். ஒரு குறிப்பேடு மட்டும் கொண்டு வாருங்கள்.